மாற்றுத்திறனாளி உதவித்தொகை: சென்னைப் பெற்றோர் கேட்டதும் என் பதில்களும்

என் மகனுக்குப் பெருமூளை வாதம். அவனுக்காக அலுவலகங்களுக்கு அலைந்ததில் தெரிந்துகொண்டதை வைத்து, மற்ற பெற்றோருக்கும் மனு எழுதிக் கொடுக்கிறேன். இந்த முறை வந்த கேள்விகளுக்குப் பதில் கீழே.

வியாசர்பாடி: அக்கா, பையனுக்கு யுடிஐடி கார்டு வந்து ஆறு மாசமாச்சு. மூளை வளர்ச்சிக் குறைவு, 75 சதவீதம்னு போட்டிருக்கு. அக்கவுண்ட்ல இன்னும் ஒரு ரூபாய்கூட ஏறலையே?

கார்டு வந்ததும் பணம் தானாக வந்துவிடும் என்று நிறைய பேர் காத்திருக்கிறார்கள். வராதும்மா. யுடிஐடி என்பது மாற்றுத்திறனாளி அடையாள அட்டை. உங்கள் பிள்ளைக்கு என்ன குறைபாடு, எத்தனை சதவீதம் என்பதற்கான அத்தாட்சி மட்டும்தான் அது. உதவித்தொகைக்குத் தனியாக மனு போட வேண்டும்.

அதற்கு இரண்டு இடங்கள் இருக்கின்றன. ஒன்று, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம். இங்கே தருவது பராமரிப்பு உதவித்தொகை, மாதம் 2,000 ரூபாய். அறிவுசார் குறைபாடு, அதாவது நீங்கள் சொல்லும் மூளை வளர்ச்சிக் குறைவு என்றால் 40 சதவீதம் இருந்தால் போதும். கை கால் போன்ற கடும் பாதிப்புக்கு 75 சதவீதம் வேண்டும். தசைச்சிதைவு, பார்க்கின்சன், முதுகுத்தண்டுவட பாதிப்பு எல்லாம் இதே திட்டத்தில்தான் வரும். இன்னொன்று, தாலுகா ஆபீஸில் சமூகப் பாதுகாப்புத் திட்ட தாசில்தார் வழியாக வரும் ஓய்வூதியம், 1,500 ரூபாய். அதற்குக் குடும்பத்தின் வசதியையும் பார்ப்பார்கள். இரண்டையும் சேர்த்து வாங்க முடியாது. உங்கள் பையனுக்கு முதலாவதுதான், அங்கே போங்கள்.

கார்டு, ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்புக் முதல் பக்கம் எல்லாவற்றுக்கும் ஜெராக்ஸ், கூடவே இரண்டு போட்டோ கொண்டுபோங்கள். மனு கொடுத்ததும் தேதி போட்டு ரசீது கேட்டு வாங்குங்கள். கூச்சப்படாதீர்கள், நாளைக்கு விசாரிக்கப் போகும்போது கையில் இருப்பது அது ஒன்றுதான்.

பெரம்பூர்: என் பொண்ணுக்கு 25 சதவீதம்னு போட்டுட்டாங்க மேடம். ஸ்கூல்ல அவளால ஒண்ணுமே முடியல. எங்க தப்பாச்சு?

இதை விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இது பல வீடுகளில் நடக்கிறது.

அறிவுசார் குறைபாட்டுக்கு ஐக்யூ மட்டும் பார்த்துச் சதவீதம் போடுவதில்லை. வைன்லேண்ட் என்ற சமூக முதிர்ச்சி அளவுகோல் ஒன்று உண்டு. குழந்தை தினப்படி வேலைகளைத் தானாகச் செய்கிறதா என்று உளவியலாளர் அம்மாவிடம் கேட்டுக் கேட்டு மதிப்பெண் போடுவார். அது 70 முதல் 84 வரை வந்தால் 25 சதவீதம். 55 முதல் 69 என்றால் 50 சதவீதம். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் உதவித்தொகை கிடைப்பதும் கிடைக்காததும் இருக்கிறது.

"தானா சாப்பிடுவாளா?" என்று கேட்டால் நாம் "ம், சாப்பிடுவா" என்று சொல்லிவிடுகிறோம். ஆனால் சாதத்தைப் பிசைந்து, முள் எடுத்து, தட்டைக் கையருகே நகர்த்தி வைப்பது யார்? "டிரெஸ் போட்டுக்குவாளா?" போடுவாள், பட்டனை நாம்தான் போடுகிறோம். பிள்ளையை அந்நியர் முன்னால் குறைத்துச் சொல்ல எந்தத் தாய்க்கும் மனசு வராது. எனக்கும் தொண்டை அடைத்திருக்கிறது. ஆனால் அந்த அறையில் கேட்பது அவள் எவ்வளவு கெட்டிக்காரி என்பதை இல்லை, அவளுக்கு எவ்வளவு துணை தேவை என்பதைத்தான். ஒன்றையும் கூட்டிச் சொல்ல வேண்டாம். உள்ளதை முழுசாகச் சொல்லுங்கள். முதல் நாள் காலையிலிருந்து இரவு வரை நீங்கள் கைகொடுத்த ஒவ்வொரு இடத்தையும் ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள்.

முடிவை ஏற்காவிட்டால் மேல்முறையீடு செய்யலாம், 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 59-வது பிரிவிலேயே அது இருக்கிறது. பள்ளி ஆசிரியரின் கடிதத்தையும் சேர்த்துக் கொடுங்கள்.

அம்பத்தூர்: எனக்கு ஒரு காது சுத்தமா கேக்காது. 17 சதவீதம்னு வந்திருக்கு. இது நியாயமா?

கணக்கு அப்படித்தான் தம்பி. நன்றாகக் கேட்கும் காதின் குறைபாட்டை ஐந்தால் பெருக்கி, மற்றக் காதின் குறைபாட்டைக் கூட்டி, ஆறால் வகுப்பார்கள். ஒரு காது முழுசாகப் போய் மற்றது நன்றாக இருந்தால் 100-ஐ ஆறால் வகுத்ததுதான் வரும். சலுகைகளுக்குக் கேட்கும் 40 சதவீதத்தை எட்டாது. நல்ல காதிலும் கேட்கும் திறன் குறைந்தால் மறுபடி ஆடியோகிராம் என்ற காது பரிசோதனை எடுத்துப் போங்கள்.

மடிப்பாக்கம்: மகனுக்கு ஆட்டிசம், 18 முடிஞ்சிடுச்சு. அவன் கணக்கை நான் இயக்க பேங்க்ல கார்டியன் சர்ட்டிபிகேட் கேக்கறாங்க. கோர்ட்டுக்குப் போகணுமா?

வேண்டாம் சார். ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கும் 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் இருக்கிறது. கலெக்டர் தலைமையிலான உள்ளூர்க் குழுவே சட்டப்பூர்வ பாதுகாவலரை நியமிக்கும். பெற்ற தகப்பனாக இருந்தாலும் 18 ஆனபிறகு இந்தச் சான்று வேண்டும். இதைப் படிக்கும் மற்றவர்கள், பிள்ளைக்கு 17 நடக்கும்போதே காகிதங்களைத் தயார் செய்யுங்கள்.

இதே நான்கு பிரிவுக்கும் நிராமயா என்ற மருத்துவக் காப்பீடு உண்டு, ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை. சேருவதற்கு முன் மருத்துவப் பரிசோதனை கிடையாது. வெளிநோயாளிச் செலவும் தெரபிச் செலவும்கூட இதில் வரும். மார்ச் 31-க்குள் புதுப்பிக்க மறந்துவிடாதீர்கள்.

திருவொற்றியூர்: வந்துட்டிருந்த பணம் மூணு மாசமா நின்னுபோச்சு.

முதலில் வங்கிக்குப் போய் கேஒய்சி (வாடிக்கையாளர் அடையாள விவரம்), ஆதார் இணைப்பு இரண்டையும் பாருங்கள். அது சரியாக இருந்தால் வாழ்நாள் சான்று (பணம் பெறுபவர் உயிரோடு இருக்கிறார் என்ற சான்று) கொடுத்திருக்கிறீர்களா என்று நல அலுவலகத்தில் கேளுங்கள். பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றுதான். அப்படியும் நகரவில்லை என்றால் திங்கட்கிழமை ராஜாஜி சாலை கலெக்டர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் நாள் மனு கொடுங்கள்.

புளியந்தோப்பு: 3,000 கொடுத்தா கார்டும் பணமும் வாங்கித் தரேன்னு ஒருத்தர் சொல்றார். கொடுக்கலாமா அக்கா?

கொடுக்காதீர்கள். மருத்துவச் சான்றும் யுடிஐடி கார்டும் இலவசம். சதவீதம் போடுவது மருத்துவர்கள், அந்த ஆள் கிடையாது. யுடிஐடி கார்டுக்கான ஸ்வாவலம்பன் இணையதளத்தில் நீங்களே பதியலாம். முடியாவிட்டால் இ-சேவை மையத்தில் பதிந்துகொண்டு, பதிவு எண்ணை போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். படிக்கத் தெரியாது என்று தயங்க வேண்டாம், எனக்கு எழுதுங்கள். மனுவை நான் எழுதித் தருகிறேன்.