கூலிக்கு வரைந்தவரா?

கேள்வி: சென்ற இதழில் இத்தாலிக்குப் பக்கத்து நாடான ஸ்லோவேனியாவின் தோனே க்ராலைப் ‘பெரிய ஓவியர்’ என்று எழுதியிருந்தீர்கள். பாதிரியார்கள் கூப்பிட்ட இடமெல்லாம் போய்க் கோயில் சுவரில் படம் வரைந்தவர் அவர். இரண்டாம் உலகப் போர் முடிந்து கம்யூனிஸ்ட் ஆட்சி வந்ததும் பிள்ளைகள் புத்தகத்துக்குப் படம் போட்டார். காற்றடித்த பக்கம் சாய்ந்தவருக்கு இத்தனை பெரிய பட்டமா?
– ஒரு வாசகர், ஈரோடு

பதில்: பாதிரியார்கள் கூப்பிட்டார்கள், போனார், வரைந்தார், கூலி வாங்கினார். எல்லாம் சரி. அந்தக் கூலிக்கு யார் முகத்தைச் சுவரில் வைத்துவிட்டு வந்தார் என்பதை மட்டும் விட்டுவிட்டீர்களே!

அவர் போன ஊர்கள் எங்கே இருந்தன என்று பாருங்கள். 1920-ல் ராப்பல்லோ ஒப்பந்தத்தின்படி, ஸ்லோவேனியர்கள் வாழ்ந்த ப்ரிமோர்ஸ்கா பகுதி இத்தாலிக்குப் போயிற்று. ஒப்பந்தம் கையெழுத்தாவதற்கு முன்பே, அந்த ஜூலையில், ட்ரியெஸ்டே நகரில் ஸ்லோவேனியர்களின் பண்பாட்டு மாளிகையை முசோலினியின் பாசிஸ்டுகள் கொளுத்திவிட்டார்கள். 1923-ல் வந்த கல்விச் சட்டம் ஸ்லோவேனியப் பள்ளிகளை ஒவ்வொன்றாக இத்தாலிய மொழிக்கு மாற்றியது. ஊர்ப்பெயரும் மாறியது, குடும்பப்பெயரும் மாறியது. வீட்டுக்கு வெளியே தாய்மொழி காதில் விழ மிச்சமிருந்த இடம் கோயில்தான். பிரசங்கமும் ஞானோபதேசமும் ஸ்லோவேனிய மொழியில் நடந்தன. அதைப் பிடிவாதமாக நடத்திய பாதிரியார்கள்தான் க்ராலைக் கூப்பிட்டவர்கள். சுவர் வெறுமையாக இருக்கிறதே என்ற கவலையில் கூப்பிட்டவர்கள் அல்ல.

அங்கே காற்று எந்தப் பக்கம் அடித்தது என்று நீங்களே சொல்லுங்கள்.

நாற்பதுக்கும் மேற்பட்ட கோயில்களில் அவர் வேலை செய்தார். கிறிஸ்துவை வதைக்கிறவர்களின் முகத்தில் பாசிஸ்டுகளின் ஜாடை இருக்கும். புனிதர்களின் உடையில் வெள்ளை, நீலம், சிவப்பு என்று ஸ்லோவேனியக் கொடியின் நிறங்கள் வந்து உட்காரும். அந்தக் கொடியை வீட்டு வாசலில் கட்டினால் என்ன ஆகியிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பீடத்துக்குப் பக்கத்திலேயே அது இருந்தது, ஞாயிறுதோறும் ஊரே அதன்முன் முழங்கால் போட்டது.

ஆல்ப்ஸ் மலையடியில் சோச்சா என்று ஒரு சிற்றூர், அதே பெயருள்ள ஆற்றங்கரையில். அங்குள்ள புனித சூசையப்பர் கோயிலில் 1944-ல் அவர் வரைந்ததைத்தான் நீங்கள் முதலில் பார்க்க வேண்டும். அதிதூதர் மிக்கேல் சாத்தானோடு பொருதுகிறார். எந்தக் கோயிலிலும் இருக்கிற படம்தானே என்று நகர்ந்துவிடாதீர்கள். சாத்தானின் கூட்டத்தில் ஹிட்லரும் முசோலினியும் இருக்கிறார்கள். போர் முடிந்தபின் தைரியம் வந்து வரைந்ததல்ல. இத்தாலி சரணடைந்து, ஜெர்மன் படை அந்தப் பகுதியைக் கையில் வைத்திருந்த நேரம் அது. எவனாவது ஒரு சிப்பாய் தொப்பியைக் கழற்றிவிட்டு அண்ணாந்து பார்த்திருந்தால் போதும்.

இனி அந்தப் பிள்ளைகள் புத்தகம். 1954-ல் க்ரால் படம் போட்ட ‘மார்ட்டின் கிர்பான்’, ஃப்ரான் லெவ்ஸ்டிக் 1858-ல் எழுதிய கதை. கிர்பான் திருட்டு உப்புக் கடத்துகிறவன். பனிக்காலம், ஒடுக்கமான பாதை. எதிரே பேரரசரின் வண்டி வருகிறது. ஒதுங்க இடமில்லை என்றதும் தன் பெட்டைக் குதிரையைப் பொதியோடு அலாக்காகத் தூக்கி ஓரமாக வைக்கிறான். மூட்டையில் என்ன என்கிறார் பேரரசர். தீமூட்டும் காளானும் கொஞ்சம் சாணைக்கல்லும் என்கிறான். சாணைக்கல்லை ஏன் மூட்டை கட்டியிருக்கிறாய்? குளிரில் வெடித்துவிடுமோ என்று பயம், அதனால் வைக்கோல் சுற்றி வைத்தேன் என்கிறான்! பின்னால் அதே பேரரசருக்கு வியன்னாவில் ஒரு ராட்சதன் தொல்லை தரும்போது, இந்தக் கள்ள உப்புக்காரனைத்தான் கூப்பிட்டு அனுப்ப வேண்டியிருக்கிறது. அவன் கடைசியில் கேட்டு வாங்கிக்கொண்டு போவது உப்பு விற்க ஒரு அனுமதிக் கடிதம். (க்ரால் என்ற சொல்லுக்கு அந்த மொழியில் ‘அரசன்’ என்று பொருள். இப்படி ஒரு கதைக்குப் படம் போட இப்படி ஒரு பெயர்!)

குடியானவன் அரசாங்கத்துக்கு வழிவிடுகிற மாதிரி விட்டு, தன் மூட்டையைப் பத்திரமாகக் கொண்டுபோகிற கதை இது. சோச்சா கோயிலில் வரைந்த கை வேறு எந்தக் கதையை எடுக்கும்? நீங்கள் இதைச் சாய்வு என்கிறீர்கள். எனக்கு ஒரே கோடாகத் தெரிகிறது.

பிள்ளைகள் புத்தகத்துக்குப் படம் போடுவதை ஏதோ ஓய்வுகாலத் தொழில் மாதிரி எழுதியிருக்கிறீர்கள். இதே கிர்பானுக்கு 1917-ல் படம் வரைந்தவர் ஹின்கோ ஸ்ம்ரேக்கார். கேலிச்சித்திரக்காரர். 1942 அக்டோபர் 1-ம் தேதி, போரில் இத்தாலி பிடித்து வைத்திருந்த தலைநகர் லூப்லியானாவில், இத்தாலியப் படையினர் அவரைச் சுட்டுக்கொன்றார்கள். வயது 59. இன்று ஸ்லோவேனியாவில் புத்தகப் படக்கலைக்கான பெரிய பரிசு அவர் பெயரில்தான் இருக்கிறது.

க்ரால் வரைந்ததெல்லாம் பொன் என்று நான் சொல்லவில்லை. 1900-ல் கிராமத்தில் பிறந்து, ப்ராகில் போய்ச் சிற்பம் படித்தவர். அது தூரிகையிலும் ஒட்டிக்கொண்டது. அவருடைய மனிதர்கள் சில இடங்களில் கட்டையில் செதுக்கி நிறுத்திய மாதிரி விறைப்பாக நிற்பார்கள். எனக்கு அவருடைய அண்ணன் ஃப்ரான்ஸெ க்ராலின் சில படங்கள் இதைவிடப் பிடிக்கும். இதையெல்லாம் சொல்லிச் சண்டைக்கு வந்திருந்தால் பாதி வழி விட்டுக்கொடுத்திருப்பேன். நீங்கள் கலையை விட்டுவிட்டு ஆளின் முதுகெலும்பை அல்லவா அளக்கப் போனீர்கள்!

நேரில் பார்க்கும் வாய்ப்பு வந்தால், ஸ்லோவேனியாவின் கொஸ்தான்யேவிட்சா ஊரில் உள்ள போஷிதார் யாகட்ஸ் கலைக்கூடத்துக்குப் போங்கள். அண்ணன் தம்பி இருவர் படங்களும் இருக்கின்றன. அந்தக் கட்டடம் ஒரு காலத்தில் துறவிகள் மடம். அங்கேயும் பாதிரியார்தான் கூப்பிட்டார் என்று அடுத்த கடிதம் போட்டுவிடாதீர்கள்.