இன்டர்நேஷனல் ஆர்ட்டிஸ்ட்ஸ்: ஹூஸ்டன் லேபிள் பற்றிக் கேள்வி பதில்

கதிர்: போதை மயக்கம்போல மனதைக் கிறங்கடிக்கும் சைக்கடெலிக் ராக் இசை என்றாலே சான் ஃபிரான்சிஸ்கோதானே? நீங்கள் ஏன் டெக்சாஸையே பிடித்துக்கொண்டு இருக்கிறீர்கள்?

தலைப்பிலேயே ‘சைக்கடெலிக்’ என்று போட்டு வந்த முதல் சில எல்பிக்களில் (ஆல்பம் அளவு இசைத்தட்டுகளில்) ஒன்று 1966இல் டெக்சாஸின் ஹூஸ்டனிலிருந்து வந்தது, அதனால்தான். தேர்ட்டீன்த் ஃப்ளோர் எலிவேட்டர்ஸ் குழுவின் முதல் ஆல்பம் அது. வெளியிட்ட லேபிள், அதாவது இசைத்தட்டு நிறுவனம், இன்டர்நேஷனல் ஆர்ட்டிஸ்ட்ஸ். 1965இல் தொடங்கி 1970இல் கடையைக் கட்டிவிட்டார்கள். மொத்தம் 12 எல்பி. பெயரில்தான் இன்டர்நேஷனல், ஆட்கள் பெரும்பாலும் டெக்சாஸ்காரர்கள்.

மலர்: அந்த ஆல்பத்தில் ‘குபுகுபு’ என்று ஓடிக்கொண்டே இருக்கிறதே, அது என்ன கருவி?

கருவியே இல்லை, மண்ஜாடி! டாமி ஹால் ஜாடியின் வாயருகே மைக்கைப் பிடித்துக்கொண்டு அதற்குள் குரல் கொடுப்பார். ‘எலக்ட்ரிக் ஜக்’ என்று அதற்குப் பெயர். சிலருக்கு எரிச்சல் வரும். எனக்கு அது இல்லாமல் அந்தப் பாட்டுகளைக் கேட்கவே முடியாது.

சேகர்: லேபிளை நடத்தியவர்களுக்கு இசை தெரியுமா?

வக்கீல் நோபிள் கின்தர், பில் டில்லர்ட் போன்ற தொழில்காரர்கள் முதலாளிகள். இசை உலகம் அறிந்தவர் என்றால் தயாரிப்பாளர் லீலன் ராஜர்ஸ். கன்ட்ரி பாடகர் கென்னி ராஜர்ஸின் அண்ணன்.

முதலாளிகளுக்கு இந்த இசை பிடிபடாததுதான் குழுக்களுக்கு வாய்த்த சுதந்திரம் என்பேன். 1967இல் இந்த லேபிளின் ரெட் க்ரயோலா குழு தன் நண்பர் பட்டாளத்தையே ஸ்டுடியோவுக்குள் கூட்டிவந்து, கையில் கிடைத்ததையெல்லாம் தட்டச் சொல்லிப் பதிவு செய்தது. மோட்டார் சைக்கிள் சத்தம்கூட உண்டு. பெரிய கம்பெனி எதுவும் இதற்கு வாசலைத் திறந்திருக்காது. ஆனால் அதே அறியாமைதான் பின்னால் குழியும் பறித்தது. லேபிளின் எல்பி வரிசையில் கோல்டன் டான் குழுவின் ஆல்பத்துக்கு எண் 4, எலிவேட்டர்ஸின் இரண்டாவது ஆல்பத்துக்கு எண் 5. கடைக்கு முதலில் வந்தது 5, 1967இல். நாலாம் எண் 1968 வரை காத்திருந்தது. அதற்குள் அவர்களை எலிவேட்டர்ஸின் நகல் என்று சொல்லிவிட்டார்கள், பாவம்.

மலர்: பெரிய ஹிட் ஏதாவது உண்டா?

எலிவேட்டர்ஸின் முதல் சிங்கிள் (தனிப்பாட்டுத் தட்டு) அமெரிக்காவின் பில்போர்ட் தரவரிசையில் 55 வரைதான் போனது. 1969இல் இதே லேபிளின் பபிள் பப்பி குழுவின் சிங்கிள் 14ஐத் தொட்டது. அவ்வளவுதான்.

இனியன்: எலிவேட்டர்ஸின் பாடகர் ராக்கி எரிக்சன் என்ன ஆனார்?

1969இல் கொஞ்சம் கஞ்சாவோடு பிடிபட்டார். சிறைக்குத் தப்ப மனநிலை சரியில்லை என்று வாதாட, ரஸ்க் மனநல மருத்துவமனையில் 1972 வரை அடைபட்டார். குழு அதோடு முடிந்தது. பிறகு தனியாகப் பாடினார், 2019இல் காலமானார்.

சேகர்: புதிதாகக் கேட்பவன் எதில் தொடங்கலாம்?

எலிவேட்டர்ஸின் இரண்டாவது ஆல்பம், 1967இல் வந்த ‘ஈஸ்டர் எவ்ரிவேர்’. அவர்களுடைய 1968இன் ‘லைவ்’ மட்டும் வேண்டாம். ஸ்டுடியோவில் மிஞ்சிக் கிடந்த பதிவுகளின் மேல் கைதட்டலை ஒட்டி லேபிளே தயாரித்தது அது. பாட்டுக்குச் சம்பந்தமில்லாத இடத்திலெல்லாம் கூட்டம் ஆர்ப்பரிக்கும்.