‘சம்பந்தப்பட்ட’ என்பதற்கு ஆங்கிலத்தில் எத்தனை சொற்கள்? – வாசகர் கேள்வி, ஆசிரியர் பதில்

கேள்வி: அலுவலகத்தில் ஆங்கிலக் கடிதங்கள் வரைவது என் வேலை. ‘சம்பந்தப்பட்ட அதிகாரி’ என்பதை ‘ரிலேட்டட் ஆஃபீசர்’ என்று எழுதினேன். மேலதிகாரி அதை அடித்துவிட்டு ‘ஆஃபீசர் கன்சர்ன்ட்’ என்று திருத்தினார். இரண்டும் ஒன்றுதானே? (வாசகர், திண்டுக்கல்)

பதில்: திருத்தம் சரியானதே. ‘ரிலேட்டட் ஆஃபீசர்’ என்று படிப்பவர், அந்த அதிகாரி யாருக்கோ உறவினர் என்று எண்ணக்கூடும். தமிழில் ‘சம்பந்தப்பட்ட’ என்ற ஒரே சொல் சுமக்கும் பாரத்தை ஆங்கிலம் பல சொற்களுக்குப் பகிர்ந்து கொடுத்திருக்கிறது. ஆகவே எழுதுமுன், எந்த வகையான சம்பந்தம் என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஒரு பட்டா மாறுதல் மனுவை எடுத்துக்கொள்வோம். அதன்மேல் உத்தரவிட வேண்டியவர் ‘ஆஃபீசர் கன்சர்ன்ட்’. முடிவெடுக்கத் தேவைப்படும் கிரயப் பத்திரம் ‘ரெலவன்ட்’ ஆவணம். பக்கத்து நிலத்துக்காரர் அதே வரப்பைக் குறித்துக் கொடுத்திருக்கும் வேறொரு மனு ‘ரிலேட்டட்’ மனு. அது இந்த மனுவைச் சார்ந்ததுதான், ஆனால் அது இல்லாமலும் இதை முடித்துவிடலாம். மூன்றையும் தமிழில் ‘சம்பந்தப்பட்ட’ என்று எழுதினால் யாரும் குறை சொல்லமாட்டார்கள். ஆங்கிலத்தில் மாற்றி எழுதினால் பொருளே மாறிவிடும்.

‘கன்சர்ன்ட்’ என்ற சொல் நிற்கும் இடத்தையும் கவனியுங்கள். பெயர்ச்சொல்லுக்குப் பின்னால் வந்தால் ‘சம்பந்தப்பட்ட’ என்றும், முன்னால் வந்தால் பெரும்பாலும் ‘கவலையுற்ற’ என்றும் பொருள்படும். ‘கன்சர்ன்ட் மதர்’ என்பவள் பிள்ளையை நினைத்துக் கவலைப்படும் தாய். நம் நாட்டு அலுவலகங்களில் ‘கன்சர்ன்ட் ஆஃபீசர்’ என்று எழுதும் பழக்கம் வேரூன்றியிருப்பதால் நமக்குள் குழப்பம் வருவதில்லை. வெளிநாட்டவருக்கு எழுதும்போது மட்டும் இடம் மாற்றி எழுதுவது நல்லது. ‘இன்வால்வ்டு’ என்பதும் இப்படித்தான்: ‘பீப்பிள் இன்வால்வ்டு’ என்றால் அதில் ஈடுபட்டவர்கள், ‘இன்வால்வ்டு சென்டென்ஸ்’ என்றால் சிக்கலான வாக்கியம்.

‘கனெக்டட்’ என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அதன் லத்தீன் வேருக்குச் சேர்த்துக் கட்டுதல் என்பது பொருள். தனித்தனியாக இருந்த இரண்டைப் பாலமோ கதவோ கம்பியோ சேர்த்தால் அவை ‘கனெக்டட்’. 1914-இல் திறக்கப்பட்ட பாம்பன் ரயில் பாலம் இராமேசுவரம் தீவை நிலப்பரப்போடு ‘கனெக்ட்’ செய்தது. அங்கே ‘ரிலேட்’ என்ற சொல்லுக்கு இடமே இல்லை.

கேள்வி: ஆங்கில நாளிதழ்களில் ஓர் உணவு ஒரு நோயோடு ‘லிங்க்டு’ என்றும், ‘அசோசியேட்டட்’ என்றும் படிக்கிறேன். அந்த உணவால் அந்த நோய் வருகிறது என்று புரிந்துகொள்ளலாமா? (மாணவி, கோயம்புத்தூர்)

பதில்: கூடாது. இந்தச் செய்திகளைத் தமிழாக்குகையில் நம் பத்திரிகைகள், என்னையும் சேர்த்தே சொல்கிறேன், ‘இதனால் இது ஏற்படும்’ என்று எழுதிவிடுகிறோம். அது வாசகருக்குச் செய்யும் தீங்கு. ‘அசோசியேட்’ என்ற சொல்லின் வேருக்குத் தோழன் என்று பொருள். தோழர் இருவர் சேர்ந்து நடந்து வருகிறார்கள் என்பதற்காக ஒருவர்தான் மற்றவரை இழுத்து வந்தார் என்று முடிவுகட்ட முடியாது.

1888-இல் ஆங்கிலேய அறிஞர் பிரான்சிஸ் கால்ட்டன் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை ஒன்றுதான் ‘கோரிலேஷன்’ என்பதை, அதாவது இரண்டு அளவுகள் எவ்வளவு தூரம் சேர்ந்தே மாறுகின்றன என்பதை, அளவிடும் வழியைக் காட்டியது. அவர் அளந்தவற்றுள் ஆளின் உயரமும் முழங்கையிலிருந்து விரல்நுனி வரையிலான நீளமும், அதாவது நம் பூக்காரர்கள் பூ அளக்கும் அதே முழமும், உண்டு. உயரமானவர்களின் முழமும் பெரும்பாலும் நீளமாகவே இருந்தது. இரண்டுக்கும் இடையே அவர் கண்ட அளவு 0.8 (சிறிதும் பிசகாமல் சேர்ந்தே மாறினால் அது 1, தொடர்பே இல்லையென்றால் 0). ஆனால் முழம் நீண்டதால் ஆள் உயரவில்லை. ஆள் உயர்ந்ததாலும் முழம் நீளவில்லை. உடல் வளர்ச்சி என்ற பொதுக் காரணம் இரண்டையும் சேர்த்தே நீட்டுகிறது.

அப்படியானால் காரணம் என்று எப்போதுதான் சொல்லலாம்? பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் ரிச்சர்ட் டாலும் பிராட்ஃபோர்ட் ஹில்லும் 1950-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதிய கட்டுரை இதற்கு நல்ல பாடம். லண்டன் மருத்துவமனை நோயாளிகளிடம் விசாரித்து, நுரையீரல் புற்றுநோய்க்கும் புகைபிடித்தலுக்கும் ‘அசோசியேஷன்’ இருப்பதை முதலில் நிறுவினார்கள். அந்தத் தொடர்பை வேறு ஏதாவது விளக்கிவிடுமா என்று ஒவ்வொன்றாகச் சோதித்துக் கழித்த பிறகே, புகைபிடித்தல் அந்நோய் உண்டாவதில் ஒரு முக்கியக் காரணி என்று எழுதினார்கள். முதல் சொல்லுக்கும் இரண்டாம் சொல்லுக்கும் நடுவே இருக்கும் அந்த உழைப்பைத் தலைப்புச் செய்தி விழுங்கிவிடக் கூடாது. ‘லிங்க்டு’ என்று கண்டால் ‘தொடர்பு காணப்படுகிறது’ என்று மட்டும் கொள்ளுங்கள்.

கேள்வி: தமிழும் கன்னடமும் ‘காக்னேட்’ மொழிகள் என்று ஒரு நூலில் படித்தேன். ‘ரிலேட்டட்’ என்று சொன்னால் போதாதா? (வாசகர், ஓசூர்)

பதில்: போதும், ஆனால் ‘காக்னேட்’ இன்னும் துல்லியமானது. உடன் பிறந்த என்பதே அதன் வேர்ப்பொருள். நம் ‘பால்’ கன்னடத்தில் ‘ஹாலு’, ‘பல்’ அங்கே ‘ஹல்லு’, ‘புலி’ அங்கே ‘ஹுலி’. மூன்றிலும் பகரம் நின்ற இடத்தில் ஹகரம் ஒழுங்காக வந்து நிற்பதைப் பாருங்கள். தற்செயலாகவோ கடன் வாங்கியோ இந்த ஒழுங்கு அமையாது. ஒரே தாயின் வயிற்றில் பிறந்த சொற்களுக்கே இது வாய்க்கும். மாறாக, ‘கட்டுமரம்’ ஆங்கிலத்தில் ‘கேட்டமரன்’ ஆனதைக் ‘காக்னேட்’ என்று சொல்லக் கூடாது. அது நம்மிடமிருந்து அவர்கள் எடுத்துச் சென்ற சொல். கடன் கொடுத்தவரும் வாங்கியவரும் உடன்பிறந்தவர் ஆகிவிடுவதில்லை.

சட்டத்தில் இதே சொல் சற்று வேறுபடும். 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்தில், முழுவதும் ஆண்வழியாகவே வரும் உறவினர் ‘அக்னேட்’. அவ்வாறு முழுவதும் ஆண்வழியாக வராதவர் ‘காக்னேட்’.

கேள்வி: சம்பந்தி, சகலை, ஓரகத்தி ஆகிய உறவுகளுக்கு ஆங்கிலச் சொல் என்ன? (வாசகி, கரூர்)

பதில்: பொது ஆங்கிலத்தில் தனிச்சொல் கிடையாது. ‘கோ-பிரதர்’, ‘கோ-சிஸ்டர்’ என்பவை சகலைக்கும் ஓரகத்திக்கும் இந்திய ஆங்கிலம் ஆக்கிக்கொண்ட சொற்கள். தேவை இருந்ததால் பிறந்தவை, வெட்கப்பட வேண்டியதில்லை. வெளிநாட்டு விண்ணப்பப் படிவங்களில் மட்டும் விரித்து எழுதுங்கள்: ஓரகத்தி என்றால் ‘ஹஸ்பண்ட்ஸ் பிரதர்ஸ் வைஃப்’, சம்பந்தி என்றால் ‘மை டாட்டர்ஸ் ஃபாதர்-இன்-லா’ அல்லது ‘மை சன்ஸ் ஃபாதர்-இன்-லா’. படிவத்தில் இடம் போதாதென்றால் ‘ரிலேட்டட் பை மேரேஜ்’ என்றாலும் ஏற்புடையதே.