அந்த மெசேஜை எழுதியது யார்?

கேள்வி: என் மகளுக்கு 17 வயது. தொடக்கக்கல்லூரி முதலாம் ஆண்டு. ஜூன் விடுமுறையில் தெரிந்தவர் ஒருவரின் உணவகத்தில் மூன்று வாரம் வேலை பார்த்தாள். 420 வெள்ளி வரவேண்டும். செப்டம்பர் ஆகியும் வரவில்லை. கேள் என்றால் "விடும்மா" என்கிறாள். பள்ளியில் பேச்சுப் போட்டிகளில் பரிசு வாங்கியவள். நான் எழுதிக் கொடுப்பதை ஒரு சொல் பிசகாமல் சொல்வாள். முதலாளி என் கணவரோடு கோயில் தொண்டில் இருப்பவர். அதனால் ஒருமுறை நானே அவள் கைப்பேசியில், அவள் எழுதுவதுபோல, "பரவாயில்லை அங்கிள், வசதிப்படும்போது கொடுங்கள்" என்று மெசேஜ் அனுப்பினேன். துணிந்து பேசக் கற்றுத்தர ஏதாவது வகுப்பு இருக்கிறதா? - செங்காங் வாசகி, சிங்கப்பூர்

பதில்: வகுப்பு கிடக்கட்டும் அம்மா. அந்த மெசேஜுக்கு வருகிறேன். போகிற போக்கில் சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டீர்கள். என்னால் அதைத் தாண்ட முடியவில்லை.

அவள் வாய் திறக்கவில்லை என்று வருத்தப்படுகிறீர்கள். எப்படித் திறப்பாள்? அவள் எண்ணிலிருந்து, அவள் பெயரில், "பரவாயில்லை" என்று நீங்கள்தான் சொல்லியாயிற்றே! நாளைக்கே அவள் கேட்டால், "அன்றைக்கு நீதானே பரவாயில்லை என்றாய்" என்று அவர் போனை நீட்டுவார். மூன்று வாரம் கால் கடுக்க நின்று தட்டு எடுத்தது அவள். பரவாயில்லையா இல்லையா என்று சொல்ல வேண்டியதும் அவள். "விடும்மா" என்றது அந்த மெசேஜைப் பார்ப்பதற்கு முன்பா, பின்பா? எனக்குச் சொல்ல வேண்டாம், உங்களுக்குத் தெரிந்தால் போதும்.

அதை எதற்காக அனுப்பினீர்கள் என்பதும் கடிதத்திலேயே இருக்கிறது. கணவரின் கோயில் நட்பு கெட்டுவிடக் கூடாது. நட்பும் உறவும் வேண்டும்தான். நான் அப்படி வளர்ந்தவள், அப்படித்தான் நம்புகிறேன். ஆனால் பெரியவர்களின் முகதாட்சண்யத்துக்குப் பிள்ளையின் கூலியைத் தட்சிணையாக வைப்பது தப்பு. அப்பாவுக்குத் தெரிந்தவர் என்றால் அவர்தான் முதல் ஆளாகச் சம்பளம் கொடுத்திருக்க வேண்டும்.

இதை நான் எத்தனையோ வீடுகளில் பார்த்துவிட்டேன். போன மாதம் பலதுறை மருந்தகத்தில் என் பக்கத்தில் ஒரு பையன், பதினைந்து வயதிருக்கும். எங்கே வலிக்கிறது என்று தாதி அவனைத்தான் கேட்டார். அம்மா பதில் சொன்னார். எத்தனை நாளாக? அதற்கும் அம்மா. பையன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, தன் வலியைப் பற்றி அம்மா சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தான். அந்தப் பேச்சுப் போட்டிகளும் இப்படித்தான். மேடையில் நின்றது அவள், பேசியது நீங்கள்.

பிள்ளைகள் தங்களைப் பாதிக்கும் விஷயத்தில் கருத்துச் சொல்லலாம், அதற்குக் காது கொடுக்க வேண்டும் என்கிறது ஐநாவின் குழந்தை உரிமை உடன்படிக்கை, 12ஆம் பிரிவு. சிங்கப்பூர் அதில் சேர்ந்தது 1995இல். உங்கள் மகள் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே.

சட்டமும் அவள் பக்கம்தான். பகுதிநேர வேலை என்றாலும் வேலை நியமனச் சட்டம் பொருந்தும். சம்பளக் காலம் முடிந்து 7 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும். விவரமான சம்பளச் சீட்டு 2016 ஏப்ரலிலிருந்து கட்டாயம், அவளுக்குக் கொடுத்தார்களா? இல்லையென்றால் வேலை செய்த நாள், மணி நேரம், பேசிய கூலி எல்லாவற்றையும் மறப்பதற்குள் அவள் எழுதி வைக்கட்டும். அவர் அப்படியும் தராவிட்டால், சம்பளத் தகராறுகளைப் பார்ப்பதற்காக 2017இல் தொடங்கிய முத்தரப்பு அமைப்பான டிஏடிஎம் இருக்கிறது. முதலில் சமரசம் பேசுவார்கள். தீரவில்லையென்றால்தான் நடுவர் மன்றம். அங்கே வழக்கறிஞருக்கு இடமில்லை. வேலையை விட்டு 6 மாதத்துக்குள் முறையிட வேண்டும், அதனால் டிசம்பர் வரை இழுக்காதீர்கள்.

இன்று ராத்திரி அவளைக் கூப்பிட்டு, "உன் பெயரில் நான் எழுதியது தப்பு" என்று சொல்லுங்கள். அம்மா மன்னிப்புக் கேட்டால் மரியாதை குறையாது. பிறகு போன் அவள் கையில் இருக்கட்டும். முதல் மெசேஜை எழுதியது அம்மா என்றும், தனக்கு இன்ன தொகை வரவேண்டும் என்றும் அவளே அவருக்கு எழுதட்டும். ஆங்கிலத்தில் எழுதினாலும் சரி, எழுத்துப் பிழை இருந்தாலும் சரி, நீங்கள் திருத்தக் கூடாது. நேரில் போகிறேன் என்றால் கூடப் போங்கள். ஒரு மேசை தள்ளி உட்காருங்கள். கூட இருப்பது பெற்றவர்கள் கடமை, அதை ஒருநாளும் விட்டுவிடாதீர்கள். அவர் உங்களைப் பார்த்துப் பேசினால், "அவளிடம் சொல்லுங்கள்" என்ற இரண்டே சொல் போதும்.

உங்கள் கணவர் கோயிலில் அவரைப் பார்த்தால் எப்போதும்போல வணக்கம் சொல்லட்டும். சம்பளப் பேச்சை மட்டும் எடுக்க வேண்டாம், அது மகளுடையது.