நன்னடத்தைப் பத்திரத்தை மீறினால் என்ன ஆகும்? (கேள்வி பதில்)

குற்றவியல் நீதிமன்றங்களில் வழக்காடுபவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். வந்த கேள்விகளில் பாதி, இரண்டு வேறு பத்திரங்களைக் குழப்பிக்கொண்டு கேட்டவை. ஒன்று, குற்றம் நிரூபணமான பிறகு ஜெயிலுக்கு அனுப்பாமல் நீதிமன்றம் எழுதி வாங்குவது. இன்னொன்று, எந்தத் தண்டனையும் இல்லாமலேயே போலீஸ் அறிக்கையின் பேரில் ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) போன்ற நிர்வாக நடுவர் எழுதி வாங்குவது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 110ஆம் பிரிவில் வருவதால் பேச்சுவழக்கில் ‘நூத்திப்பத்து’. உங்கள் வீட்டுப் பையன் எதில் கையெழுத்துப் போட்டான் என்று முதலில் பாருங்கள்.

கேள்வி: சார், என் தம்பியைத் திருட்டு வழக்கில் இரண்டு வருட நன்னடத்தைப் பத்திரத்தில் விட்டார்கள். மூன்று மாதமாக நன்னடத்தை அலுவலரைப் போய்ப் பார்க்கவில்லை. இப்போது சம்மன் வந்திருக்கிறது. ஜெயில்தானா?

கட்டாயம் ஜெயில் என்றில்லை. ஆனால் சாதாரணமாக நினைத்துவிடாதீர்கள். 1958ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம், 9ஆம் பிரிவில் நீதிமன்றத்துக்கு இரண்டு வழி தருகிறது. முதல் தடவை மீறியவர் என்றால் 50 ரூபாய் வரை அபராதம் போட்டுவிட்டு, பத்திரத்தை அப்படியே தொடர விடலாம். ஆமாம், ஐம்பதேதான், 1958இல் எழுதிய தொகை. ஆனால் அந்த ஐம்பதைக் குறித்த காலத்துக்குள் கட்டாவிட்டால் இரண்டாவது வழி திறந்துவிடும்.

அந்த இரண்டாவது வழி, பழைய திருட்டுக்கே தண்டனை கொடுப்பது. சாதாரணத் திருட்டுக்கு மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. பத்திரம் இரண்டு வருடத்துக்குத்தானே, அதற்கு மேல் போட முடியாது என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு, பத்திரக் காலத்துக்கும் சிறைக் காலத்துக்கும் சம்பந்தமில்லை. வெளியே ஒழுங்காக இருந்த நாட்களும் தண்டனையில் கழியாது. முதலில் கைதாகி விசாரணைக் காலத்தில் உள்ளே இருந்த நாட்கள் மட்டும் கழியும்.

சம்மன் தேதியில் தம்பி நேரில் போகட்டும். உடம்பு சரியில்லை என்றால் ஆஸ்பத்திரிச் சீட்டு, வெளியூரில் வேலை என்றால் அதற்கு அத்தாட்சி, எது இருக்கிறதோ எடுத்துப் போங்கள். அலுவலர் என்ன எழுதி அனுப்பியிருக்கிறார் என்று வக்கீல் மூலம் அறிக்கையின் நகலைக் கேட்டுப் படித்துவிடுங்கள். ஊர் மாறியதுதான் பிரச்சினை என்றால், 8ஆம் பிரிவின்படி நன்னடத்தை அலுவலர் மூலம் நிபந்தனையை மாற்றிக் கேட்டிருக்கலாம். இதை முன்கூட்டியே செய்பவர்கள் ரொம்பக் குறைவு. சம்மனுக்கும் வராமல் ஓடினால் வாரண்டுதான். அப்புறம் அந்த ஐம்பது ரூபாய்ச் சலுகையை நீதிபதியிடம் கேட்கவே வாய் வராது.

கேள்வி: பத்திரத்தில் இருக்கும்போது என் அண்ணன் மேல் அடிதடி வழக்கு ஒன்று பதிவாகிவிட்டது. அதுவே மீறல் ஆகிவிடுமா?

எஃப்.ஐ.ஆர். மட்டுமே மீறலுக்கு நிரூபணம் ஆகாது. அதை வைத்து நீதிமன்றம் அவரை அழைக்கலாம், அவ்வளவே. விசாரித்து, மீறல் நடந்தது என்று திருப்தி அடைந்த பிறகே தண்டிக்க முடியும். ஒரு எச்சரிக்கை: இங்கே அவர் சொல்லும் விளக்கம் அடிதடி வழக்கில் அவருக்கு எதிராகத் திரும்பக்கூடும். இரண்டுக்கும் ஒரே வக்கீலை வைப்பது நல்லது.

கேள்வி: நன்னடத்தையில் விட்டதால் அரசு வேலைக்குத் தடை இல்லை என்கிறார்களே?

பாதி உண்மை. தண்டிக்கப்பட்டதால் சட்டப்படி வரும் தகுதியிழப்பு ஒட்டாது என்று அதே 1958 சட்டத்தின் 12ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் பத்திரத்தை மீறி, பழைய குற்றத்துக்கே தண்டனை வாங்கிவிட்டால் அந்தப் பாதுகாப்பும் போய்விடும். ஏற்கெனவே வேலையில் இருப்பவர் மேல் துறை நடவடிக்கை எடுப்பதையும் இந்தப் பிரிவு தடுக்காது. 1990இல் பக்‌ஷி ராம் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லியிருக்கிறது. பத்திரத்தில் விட்டாலும் ‘குற்றவாளி’ என்ற தீர்ப்பு நிற்கிறது.

கேள்வி: சென்னையில் என் மகனிடம் ஒரு வருடத்துக்கு 110 எழுதி வாங்கினார்கள். நடுவில் ஒரு வழக்கு வந்ததும், மீதி மாதங்களுக்கு உள்ளே இரு என்று துணை ஆணையரே உத்தரவு போட்டுவிட்டார். இது சரியா?

இங்கேதான் நீங்கள் எதிர்த்து நிற்க இடம் இருக்கிறது. 2013, 2014இல் தமிழக அரசு போட்ட அரசாணைகள் போலீஸ் துணை ஆணையர்களுக்கு நிர்வாக நடுவர் அதிகாரம் கொடுத்தன. புகார் செய்வதும் போலீஸ், ஜெயிலுக்கு அனுப்புவதும் போலீஸ் என்று ஆகிவிட்டது. 2023 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகள் ஆனந்த் வெங்கடேஷ், சுந்தர் மோகன் அமர்வு அந்த அரசாணைகளை ரத்து செய்தது. பத்திரத்தை மீறியதாகச் சொல்லி நிர்வாக நடுவர் தாமே சிறையில் அடைக்க முடியாது, நீதித்துறை நடுவர் முன்னால்தான் கொண்டுபோக வேண்டும் என்றும் தீர்ப்பளித்தது. என் பார்வையில் ரொம்ப நாள் முன்பே வந்திருக்க வேண்டிய தீர்ப்பு.

2024 ஜூலை 1 முதல், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தில், பழைய 110ஆம் பிரிவு 129ஆம் பிரிவாகவும், பத்திரத்தை மீறியவரைச் சிறையில் அடைப்பது பற்றிய பழைய 122ஆம் பிரிவு 141ஆம் பிரிவாகவும் இருக்கின்றன. எஸ்.பி. தகுதிக்குக் குறையாத போலீஸ் அதிகாரியைச் சிறப்பு நிர்வாக நடுவராக நியமிக்கலாம் என்று அதே சட்டத்தின் 15ஆம் பிரிவு சொல்வதால், அரசுத் தரப்பு அதைப் பிடித்துக்கொண்டு வாதாடலாம். எனவே உத்தரவின் நகலை உடனே வாங்குங்கள். தேதி என்ன, எந்தப் பிரிவு, விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்ததா, வக்கீல் வைத்துக்கொள்ள விட்டார்களா, மீறல் எப்படி நிரூபணமானது என்று காரணம் எழுதியிருக்கிறதா, எல்லாவற்றையும் பாருங்கள். சீராய்வு மனுவைச் செஷன்ஸ் நீதிமன்றத்திலோ உயர் நீதிமன்றத்திலோ போடலாம். தாமதம் வேண்டாம். பத்திரக் காலம் முடிந்ததும் பையன் தானாக வெளியே வந்துவிடுவான். அதன் பிறகு ஜெயித்தும் பெரிய பயன் இல்லை.

கேள்வி: 110இல் அதிகபட்சம் எத்தனை வருடம் எழுதி வாங்கலாம்?

மூன்று. அமைதி காக்க வாங்கும் 107 என்றால் ஒரு வருடம்.

கேள்வி: மச்சானுக்காக 10,000 ரூபாய்க்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டேன். அவர் மீறிவிட்டார். நான் உள்ளே போக வேண்டுமா?

அவர் செய்ததற்காக உங்களைத் தண்டிக்க முடியாது, உங்கள் பணம்தான் சிக்கும். ஏன் கட்டக்கூடாது என்று விளக்கம் கேட்டு நோட்டீஸ் வரும். அதற்கு எழுத்தில் பதில் கொடுத்து, தொகையைக் குறைக்கும்படி கேளுங்கள். ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்ய நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. கண்டுகொள்ளாமல் விட்டால் அபராதம் போல வசூலிப்பார்கள். அப்படியும் வசூலாகவில்லை என்றால் ஆறு மாதம் வரை சிவில் சிறைக்கு அனுப்பச் சட்டத்தில் இடம் இருக்கிறது. நோட்டீஸைக் கையில் வாங்கிய அன்றே வக்கீலைப் பாருங்கள்.