டக் டக் சத்தம்: முதலில் காப்பி, பிறகு காரணம்

கேள்வி: ஆறு வருடப் பழைய டெஸ்க்டாப். ஒரு வாரமாக உள்ளிருந்து 'டக் டக்' என்று சத்தம் வருகிறது, விண்டோஸ் திறக்கவும் நேரமாகிறது. குடும்பப் புகைப்படங்கள் எல்லாம் அதில்தான். ஹார்ட் டிஸ்க்கை மாற்ற வேண்டுமா?

பதில்: அதைப் பிறகு பார்க்கலாம். டிஸ்க் இன்னும் திறக்கிறது என்றால், முதலில் புகைப்படங்களை வேறு டிஸ்க்குக்குக் காப்பி செய்யுங்கள். மறுபடி கிடைக்காதவை முதலில், சினிமாவும் பாட்டும் கடைசியில். ஏதாவது ஒரு ஃபைலில் சிக்கி நின்றால் அதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள். டிஸ்க்கைச் சோதிக்கும் செக்டிஸ்க், ஃபைல்களை ஒழுங்காக அடுக்கும் டீஃப்ராக் ஆகிய விண்டோஸ் கருவிகள் இரண்டையும் இப்போது தொடவே வேண்டாம். நோய்ப்பட்ட டிஸ்க்கை மணிக்கணக்கில் ஓடவைத்து, மிச்சமிருக்கும் ஆயுளையும் அவை தின்றுவிடும்.

ஒரே ஒரு விதிவிலக்கு: உலோகத்தை உலோகம் சுரண்டுவதுபோல் உரசல் சத்தம் கேட்டால் காப்பிகூட வேண்டாம், உடனே பவரை நிறுத்துங்கள். டேட்டாவைப் படித்து எழுதும் முனையான ஹெட், உள்ளே சுழலும் தட்டைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம். ஒவ்வொரு சுற்றிலும் டேட்டா இருக்கும் காந்தப் பூச்சு தூளாகிக்கொண்டிருக்கும். தூளானதை எந்த லேபும் மீட்க முடியாது.

காப்பி முடிந்த பிறகு, சத்தம் டிஸ்க்கினுடையதுதானா என்று உறுதி செய்யுங்கள். ஷட்டவுன் செய்து, பிளக்கைப் பிடுங்கி, டிஸ்க்குக்குப் போகும் பவர், டேட்டா கேபிள்கள் இரண்டையும் கழற்றிவிட்டு ஆன் செய்யுங்கள். விண்டோஸ் வராது, பரவாயில்லை. அப்போதும் சத்தம் கேட்டால் குற்றவாளி ஃபேன்: ஒயர் இறக்கையில் இடிக்கும், அல்லது பேரிங் தேய்ந்திருக்கும். சத்தம் நின்றுவிட்டால் கேபிள்களை மாட்டி ஆன் செய்து, நீளமான ஸ்க்ரூட்ரைவரின் முனையை டிஸ்க்கின் உலோக ஓரத்தில் வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக் கேளுங்கள். முனை சர்க்யூட் போர்டில் பட்டுவிடக் கூடாது.

காப்பி ஓடும்போது ஒழுங்கில்லாமல் வரும் 'கரகர', ஹெட் இடம் மாறும் சத்தம்; இயல்பானது. சும்மா இருக்கும்போது எப்போதாவது ஒரு 'டக்' வந்தால் ஹெட் ஓய்விடத்துக்குப் போகிறது, அதுவும் இயல்புதான். பயப்பட வேண்டியது ஒரே தாளத்தில் வரும் டக்-டக்-டக். தட்டில் எழுதியிருக்கும் இடக்குறிகளை ஹெட்டால் படிக்க முடியவில்லை. ஹெட்டைத் தாங்கும் கை ஓரம்வரை போய் இடித்துத் திரும்பி மறுபடி தேடுகிறது. சில முறை முயன்றுவிட்டு மோட்டார் அடங்கும். பவர் சப்ளை பலவீனமானாலும் இதே சத்தம் வரும் என்பதால், வேறு பவர் கனெக்டரில் ஒருமுறை, ஒரே ஒருமுறை, மாட்டிப் பாருங்கள்.

அடுத்து கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் 05, சி5, சி6 ஆகிய வரிகளின் 'ரா வேல்யூஸ்' எண்களைப் பாருங்கள். டிஸ்க்கில் பழுதான, சந்தேகத்துக்குரிய இடங்களை எண்ணும் வரிகள் அவை. மூன்றும் சுழியாக இருப்பது நல்லது. சி5 நாளுக்கு நாள் ஏறினால் டிஸ்க்கை நம்பாதீர்கள். அந்த எண்கள் பதினாறடிமானத்தில் காட்டப்படும். கடைசியில் 10 என்றிருந்தால் 16 என்று படிக்க வேண்டும். சி7 மட்டும் ஏறினால் பெரும்பாலும் சாட்டா கேபிள் எனப்படும் டேட்டா கேபிள்தான் கோளாறு. கேபிளை மாற்றினால் பழைய எண் அழியாது, ஏறுவது நின்றால் போதும். சீகேட் டிஸ்க்கில் 01, 07 வரிகளில் கோடிக்கணக்கில் எண் தெரியும். அதைப் பார்த்து மிரள வேண்டாம், அவர்கள் கணக்கிடும் முறை அப்படி. மென்பொருள் 'குட்' என்று காட்டியும் தாளம் தப்பாத டக் டக் கேட்டால், காதை நம்புங்கள். டிஸ்க்கை மாற்றுங்கள்.

கேள்வி: போர்ட்டபிள் டிஸ்க்கைச் சொருகினால் லைட் எரிகிறது, 'பீப் பீப்' என்கிறது, கம்ப்யூட்டரில் தெரியவில்லை. கடையில் உள்ளே திறந்து பார்க்கலாம் என்கிறார்கள்.

பதில்: திறக்க விடாதீர்கள். உள்ளே ஸ்பீக்கர் எதுவும் கிடையாது. சுழல முடியாமல் மோட்டார் திணறுவதுதான் பீப் ஆகக் கேட்கிறது. இந்த டிஸ்க்குகள் சுழலத் தொடங்கும் நொடியில் சுமார் 1 ஆம்பியர் வரை இழுக்கும். யூஎஸ்பி 2.0 போர்ட்டின் கணக்கு 500 மில்லி ஆம்பியர், 3.0-க்கு 900. யூஎஸ்பி ஹப், நீள கேபிள், டெஸ்க்டாப்பின் முன்பக்க போர்ட் மூன்றையும் தவிர்த்து, பின்பக்க 3.0 போர்ட்டில் புதிய குட்டைக் கேபிளில் சொருகிப் பாருங்கள். அதற்கும் பீப் என்றால் ஹெட் தட்டில் ஒட்டியிருக்கிறது, அல்லது மோட்டார் இறுகியிருக்கிறது. தட்டுவது, குலுக்குவது, ஃப்ரீசரில் வைப்பது எல்லாம் சேதத்தைக் கூட்டும். ஃப்ரீசரிலிருந்து எடுத்ததும் தட்டில் ஈரம் படியும். ஹெட்டுக்கும் தட்டுக்கும் இடைவெளி சில நானோமீட்டர்தான், சாதாரண மேசையில் திறந்தால் விழும் தூசி அதைவிடப் பல மடங்கு பெரியது. அதே மாடலில் இன்னொரு சர்க்யூட் போர்டை வாங்கி மாட்டுவதும் பெரும்பாலும் பலிக்காது: அந்தந்த டிஸ்க்குக்கான அளவீடுகள் பழைய போர்டின் சிப்பில் இருக்கின்றன.

டேட்டா ரெக்கவரிக்குக் கொடுக்கும் முன் மூன்றைக் கேட்டு எழுதி வாங்குங்கள்: கிளீன் ரூம் (டிஸ்க்கைத் திறக்கத் தூசி நீக்கிய அறை) இருக்கிறதா, டேட்டா வராவிட்டால் எவ்வளவு கட்டணம், பணம் கட்டும் முன் ஃபைல் பட்டியலைக் காட்டுவார்களா. முதல் கேள்விக்கே மழுப்பினால் டிஸ்க்கைத் திரும்ப வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.

கேள்வி: புதிதாக வாங்கிய பெரிய டிஸ்க் சுமார் ஐந்து நொடிக்கு ஒருமுறை மெல்ல 'தும்' என்கிறது. திருப்பித் தரலாமா?

பதில்: வெஸ்டர்ன் டிஜிட்டலின் பெரிய கொள்ளளவு டிஸ்க்குகள் பலவற்றில் இது இயல்பு. ஒரே இடத்தில் தேயாமல் இருக்க ஹெட் தானாக நகர்கிறது. 05, சி5, சி6 சுழி என்றால் வைத்துக்கொள்ளுங்கள். ரப்பர் வாஷர் போட்டால் அதிர்வு குறையும். அதைவிட, 09 வரியில் ஓடிய மணிநேரத்தைப் பாருங்கள். புதியது என்று விற்றதில் ஆயிரக்கணக்கில் இருந்தால் அதுவே திருப்பித் தரப் போதுமான காரணம். அந்த எண்ணை அழித்தும் விற்கிறார்கள்: 2025 தொடக்கத்தில் ஐரோப்பாவில், ஓடித் தேய்ந்த சீகேட் டிஸ்க்குகள் அப்படிப் புதியதாக விற்கப்பட்டது வெளியே வந்தது. சீகேட்டில் ஓடிய மணிநேரத்தையும் குறித்துவைக்கும் ஃபார்ம் (FARM) என்ற தனிப் பதிவு உண்டு, டிஸ்க்கின் நிலையைக் காட்டும் ஸ்மார்ட்மான்டூல்ஸ் என்ற மென்பொருளின் 7.4 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பில் அதைப் படித்து 09-உடன் ஒப்பிடலாம்.

கேள்வி: வாரன்டியில் கொடுத்தால் டேட்டாவும் கிடைக்குமா?

பதில்: கிடைக்காது. வாரன்டி டிஸ்க்குக்கு மட்டும். கொடுத்த டிஸ்க் திரும்பி வராது. பதிலாகப் பழுது நீக்கிய ஒன்று வரலாம். டேட்டா வேண்டுமென்றால் ரெக்கவரி முடிந்த பிறகே அனுப்புங்கள். ஆனால் ரெக்கவரிக்கு டிஸ்க்கைத் திறந்தால் வாரன்டி செல்லுமா என்பதைத் தயாரிப்பாளரிடம் முன்பே கேட்டுவிடுங்கள்.