மிட்டா ஊர்ப் பத்திரமும் இன்றைய பட்டாவும்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: எங்கள் பழைய கிரயப் பத்திரத்தில் ஊர் ‘மிட்டா கிராமம்’ என்றும், நிலம் ‘பைமாஷ் எண்’ போட்டும் இருக்கிறது. பக்கத்து ஊர்ப் பத்திரங்களில் சர்வே எண்தான். ஏன் இந்த வித்தியாசம்? இன்றைய பட்டாவோடு எப்படிப் பொருத்துவது?
– வாசகர், ஓமலூர் வட்டம்

பதில்: 1792-இல் திப்புவிடமிருந்து சேலமும் பாரமகாலும் (இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம்) கிழக்கிந்தியக் கம்பெனி கைக்கு வந்தன. கேப்டன் அலெக்சாண்டர் ரீடும் அவருக்கு உதவியாளராக இருந்த தாமஸ் மன்றோவும் நிலத்தை அளந்து, குடியானவரிடமே நேராகத் தீர்வை வாங்கினார்கள். இந்த ரயத்துவாரி முறை வேர்விட்டதே இந்த மண்ணில்தான். மேலிடத்துக்கோ வங்காளத்து ஜமீன் முறை மேல் மோகம். 1802-ஆம் ஆண்டின் 25-ஆவது ரெகுலேஷன்படி ஊர்களைக் கூறுபோட்டு மிட்டாக்களாக, அதாவது சிறு ஜமீன்களாக, விற்றார்கள். மழை பொய்த்தாலும், மிட்டாவை வாங்கிய மிட்டாதார் சர்க்காருக்குக் கட்டவேண்டிய பேஷ்குஷ் என்ற நிலையான தொகை குறையாது. பாக்கி விழுந்த மிட்டாக்கள் பல சர்க்காரிடமே திரும்பி ரயத்துவாரி ஆயின. தாக்குப்பிடித்தவை மிட்டாவாகவே நின்றன. அடுத்தடுத்த ஊருக்கு இரண்டு விதக் கணக்கு வந்தது இப்படித்தான். மிட்டா ஊர்களில் பெரும்பாலும் பைமாஷ் (சர்வேக்கு முந்தைய பழைய நில அளவை) கணக்கே ஓடியது. 1948-ஆம் ஆண்டின் 26-ஆவது சட்டம் எஸ்டேட்டுகளை ஒழித்த பிறகே அங்கு ரயத்துவாரி பட்டா வந்தது.

பொருத்துவதற்கு முதலில், மிட்டா ஒழிந்து ரயத்துவாரி ஆனபோது எழுதப்பட்ட செட்டில்மெண்ட் பதிவேட்டின் நகலுக்கு மனுப் போடுங்கள். பைமாஷ் எண் எந்த சர்வே எண்ணானது என்று அதில் தெரியும். அடுத்து அந்த எண், 1980-களின் நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் எந்த உட்பிரிவானது என்று ‘அ’ பதிவேட்டில் (ஊர் நிலங்களின் சர்வே எண்வாரிப் பதிவேடு) பாருங்கள். பிழைகள் மலிந்தது இந்தக் கட்டத்தில்தான்: உட்பிரிவு மாறும், கூட்டுப் பட்டாவில் ஒரு பங்காளி பெயர் விடுபடும். பரப்பையும் சரிபாருங்கள். பத்திரத்தில் ஏக்கர், சென்ட். பட்டாவில் ஹெக்டேர், ஏர்ஸ். 2 ஏக்கர் என்றால் 0.81.0 (0 ஹெக்டேர், 81 ஏர்ஸ்) இருக்கவேண்டும். அளவு இடித்தால் பத்திரத்தின் நான்கெல்லையை நில அளவைப் படத்தோடு ஒப்பிடுங்கள். எண்ணை விட எல்லைதான் பல நேரம் கைகொடுக்கும். பங்காளி உரிமையையே மறுத்தால் வட்டாட்சியரிடம் அலைய வேண்டாம். அது சிவில் கோர்ட் விவகாரம்.

கேள்வி: ‘பசலி 1320’ எந்த வருடம்?
– வாசகர், ஏற்காடு

பதில்: பசலி என்பது ஜூலை முதல் ஜூன் வரை ஓடும் வருவாய்க் கணக்கு ஆண்டு. அதோடு 590-ஐக் கூட்டுங்கள். 1910 ஜூலை 1 முதல் 1911 ஜூன் 30 வரை. ஜனவரி முதல் ஜூன் வரையான தேதியென்றால் 591-ஐக் கூட்டவேண்டும். இதை மறந்து, வில்லங்கச் சான்றுக்குத் தவறான வருடம் எழுதிக்கொடுத்துவிட்டு ‘பதிவே இல்லை’ என்று திரும்புகிறவர்கள் உண்டு.